அனிமேஷன், கேம் வேலைக்கு வரப்போகிறீர்களா? ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் எனக்கு எப்படியும் நாலைந்து போன் வந்துவிடும். தூரத்துச் சித்தப்பா, பழைய பக்கத்து வீட்டுக்காரர், அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவர் என்று யாராவது. “தம்பி, நம்ம பையன் நல்லா வரைவான், நாள் முழுக்க கேம்தான், உங்க லைன்லயே சேர்த்துவிடலாமான்னு பார்க்கறோம், இங்க ஒரு இன்ஸ்டிட்யூட்ல மூணு லட்சம் கேக்கறாங்க, நூறு சதவீதம் வேலை உறுதின்னு போர்டு வெச்சிருக்காங்க.” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “அனிமேஷன்ல எந்த வேலை?” அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. பையனுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. போர்டு வைத்தவருக்குத் தெரியும், சொல்ல மாட்டார்.

நான் சென்னையில் வி.எஃப்.எக்ஸ், அதாவது சினிமாவுக்கான விஷுவல் எஃபெக்ட்ஸில், கம்பாசிட்டர். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ரோட்டோ ஆர்ட்டிஸ்டாக உள்ளே வந்தவன். இரண்டும் என்ன வேலை என்று கீழே வருகிறது. போனில் அரை மணி நேரம் சொல்வதை ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று இது.

முதலில்: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

சினிமா யூனிட்டில் லைட்மேன் வேலை வேறு, எடிட்டர் வேலை வேறு. இங்கேயும் அப்படித்தான். அனிமேட்டர் என்றால் பொம்மையை நடக்க, பேச, தடுக்கி விழ வைக்கிறவர் மட்டும்தான். அந்தப் பொம்மையைச் செய்தவர் மாடலர், அதற்குத் தோலும் துணியும் துருவும் கொடுத்தவர் டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட், உள்ளே எலும்பு வைத்து முழங்கை ஒழுங்காக மடங்கும்படி செய்தவர் ரிக்கர், வெளிச்சம் வைத்தவர் லைட்டர், புகை, தீ, வெள்ளம் என்றால் எஃப்.எக்ஸ்காரர், கடைசியில் இதையெல்லாம் கேமராவில் எடுத்த காட்சியோடு ஒட்டுத் தெரியாமல் சேர்க்கிறவர் கம்பாசிட்டர். இந்த வரிசைக்கு முன்னால் ஸ்டோரிபோர்டும் கான்செப்ட் ஓவியமும் இருக்கின்றன. கம்பாசிட்டருக்கு ஷாட்டைத் தயார்செய்து கொடுக்க ரோட்டோ (ஆளையோ பொருளையோ பின்னணியிலிருந்து கோடு போட்டுப் பிரிப்பது), பெயின்ட் (கயிறு மாதிரி வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமரா நகர்ந்த விதத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே கொண்டுவருவது) என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன, நம் ஊரில் வி.எஃப்.எக்ஸுக்கு வரும் ஃபிரஷர்களில் பெரும்பாலானோர் நுழைவது இந்த மூன்று வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான்.

கேமில் இதே ஆர்ட் ஆட்களோடு புரோகிராமர், கேம் டிசைனர், லெவல் டிசைனர், சவுண்ட், டெஸ்டர், அப்புறம் ஆர்ட்டுக்கும் புரோகிராமிங்குக்கும் நடுவில் நிற்கிற டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட். நாள் முழுக்க கேம் ஆடுகிறான் என்பது இதில் எதற்கும் தகுதி ஆகாது. ஆடி முடித்ததும் ‘இந்த மூன்றாவது லெவலில் ஏன் எல்லாரும் ஒரே இடத்தில் சாகிறார்கள்’ என்று யோசித்து, பேப்பர் எடுத்து அந்த இடத்தை மாற்றி வரைந்து பார்க்கிற பையன் என்றால் சரி, பேசலாம்.

“வரையத் தெரியாதே” என்பது அடுத்த பயம். 2டி அனிமேஷன், ஸ்டோரிபோர்டு, கான்செப்ட் மூன்றுக்கும் கை ஓட வேண்டும், அதில் சமாதானமே இல்லை. மாடலிங்குக்கு உடம்பின் அமைப்பு கண்ணில் நிற்க வேண்டும். ரிக்கிங், எஃப்.எக்ஸ், கேம் புரோகிராமிங் எல்லாம் வரையத் தெரியாதவர்களால் நிரம்பியவை, அங்கே பள்ளிக்கூடத்து வெக்டரும் மேட்ரிக்ஸும்தான் திரும்ப வந்து கதவைத் தட்டும். கம்பாசிட்டிங்குக்கு ஒரு போட்டோகிராபர் கண் வேண்டும். மதியம் மூன்று மணி நிழலுக்கும் ஆறு மணி நிழலுக்கும் ஓரம் எப்படி மாறுகிறது என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கவனித்திருக்கிறீர்களா? அது போதும், மீதியைக் கற்றுக்கொள்ளலாம்.

எப்படி முடிவு செய்வது என்றால், ஒரு மாதம் ஒதுக்குங்கள். முதல் வாரம் ஒரு டீ கிளாஸை மாடல் செய்யுங்கள், இரண்டாவது வாரம் ஒரு பந்தைக் குதிக்க வையுங்கள், மூன்றாவது வாரம் போனில் எடுத்த ஒரு வீடியோவில் பின்னணியை மாற்றுங்கள், நான்காவது வாரம் ஒரு பெட்டியைக் கீபோர்டில் நகர்த்துகிற அளவுக்குக் கேம் எஞ்சினில், அதாவது கேம் உருவாக்குகிற சாஃப்ட்வேரில், புரோகிராம் எழுதுங்கள். இந்த நாலில் எதைச் செய்யும்போது சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லையோ அதுதான் உங்கள் துறை. இந்த ஒரு மாதத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை.

மெஷினும் சாஃப்ட்வேரும்

பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் முழுக்க இலவசம். இலவசம்தானே என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள், 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய ‘ஃப்ளோ’, லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கியது, பிளெண்டரில்தான் செய்யப்பட்டது. பெரிய ஸ்டுடியோக்களில் அனிமேஷனுக்கு மாயா, எஃப்.எக்ஸுக்கு ஹூடினி, கம்பாசிட்டிங்குக்கு நியூக் என்று நடப்பதால் பின்னால் அவற்றுக்கும் போக வேண்டியிருக்கும். அப்போதும் காசு வேண்டாம்: மாயாவை மாணவர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம், ஹூடினிக்கு அப்ரென்டிஸ் என்று இலவச வடிவம் உண்டு, நியூக்குக்கு நான்-கமர்ஷியல் வடிவம் உண்டு. கிராக் போடாதீர்கள். வைரஸ் வரும் என்பது ஒரு பக்கம், வேலை தேடும்போது காட்டும் ஷோரீலில் (நீங்கள் செய்த ஷாட்களைத் தொகுத்த வீடியோ) எந்த சாஃப்ட்வேர் என்று எழுதும்போது கை கூசும் என்பது இன்னொரு பக்கம்.

கேமுக்கு மூன்று எஞ்சின்கள். யூனிட்டி என்றால் சி ஷார்ப், அன்ரியல் என்றால் சி பிளஸ் பிளஸ்ஸும், கட்டங்களை இணைத்தே புரோகிராம் செய்கிற புளூபிரின்ட்டும், கோடோ என்றால் பைத்தான் மாதிரி இருக்கும் அதன் சொந்த மொழி. யூனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, உலகம் முழுக்க டெவலப்பர்கள் கொதித்து, அடுத்த வருடம் அதையே ரத்து செய்தது. அந்தக் கலவரத்தில் நிறையப் பேர் கோடோ பக்கம் போனார்கள். புதியவருக்கு என் யோசனை: கோடோவில் ஆரம்பியுங்கள், பழைய லேப்டாப்பிலும் ஓடும். வேலை தேடும்போது யூனிட்டியோ அன்ரியலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. மெலிசான அழகான லேப்டாப் வாங்காதீர்கள், ரெண்டர் (செய்ததையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கிட்டுக் கடைசிப் படமாக எடுப்பது) போட்டால் தோசைக்கல் ஆகிவிடும். அதே காசுக்கு டெஸ்க்டாப், 16 ஜி.பி ரேம், பின்னால் 32 ஆக்கிக்கொள்ள இடம், என்விடியா கார்டு ஒன்று. சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய கார்டு வாங்கினால் கடையிலேயே பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். யு.பி.எஸ் கட்டாயம். எங்கள் வீட்டில் ஆறு மணி நேர ரெண்டர் அஞ்சே முக்கால் மணி நேரத்தில் கரன்ட் போய் நின்றபோது என் அப்பா சொன்னது: “திரும்ப ஆன் பண்ணா விட்ட இடத்துலேர்ந்து ஓடாதா?”

ஒரு வருடம் என்ன செய்வது

இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். டுடோரியல் பார்ப்பது பயிற்சி ஆகாது. பிளெண்டர் புதியவர்களுக்கான டுடோரியலில் வரும் டோனட்டை நீங்களும் செய்து முடித்தால் உலகத்தில் இன்னொரு டோனட் கூடியது, அவ்வளவுதான்.

அனிமேஷன் என்று முடிவு செய்தவர்கள் பந்தில் தொடங்குங்கள், சிரிக்காதீர்கள். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். பந்து உச்சிக்குப் போகும்போது வேகம் குறைவதால் அங்கே ஃபிரேமுக்கு ஃபிரேம் நகரும் தூரம் நெருக்கமாக இருக்க வேண்டும், தரையை நெருங்க நெருங்க இடைவெளி கூட வேண்டும். இதைக் கிராஃப் எடிட்டரில் வளைவாகப் பார்த்துப் பழகுங்கள். அப்புறம் ஒரு பரீட்சை: ரப்பர் பந்து, கிரிக்கெட் பந்து, பலூன். மூன்றும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி எது எது என்று கேளுங்கள். அவர் தயங்காமல் சொல்லிவிட்டால் உங்களுக்கு எடை என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. பிறகு வால் வைத்த பந்து, அப்புறம் நடை, அப்புறம் கனமான பெட்டியைத் தூக்குகிற ஆள். வசனம் பேசும் முகமெல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு.

ரோட்டோ வழியாக வருகிறவர்களுக்கு, போனில் யாரையாவது ஆடச் சொல்லி ஐந்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்க வேண்டும். புதியவர்கள் ஆளைச் சுற்றி ஒரே பெரிய கோடு போடுவார்கள், பத்தாவது ஃபிரேமிலேயே அது நூல்கண்டாகச் சிக்கிவிடும். மேல்கை ஒரு வடிவம், முன்கை ஒன்று, உள்ளங்கை ஒன்று, விரல் ஒவ்வொன்றும் தனி என்று மூட்டுக்கு மூட்டுப் பிரியுங்கள். கை மேலே போய் நிற்கிற ஃபிரேம், கீழே வந்து நிற்கிற ஃபிரேம், இந்த இரண்டில் முதலில் கீ போடுங்கள் (அந்த ஃபிரேமில் வடிவம் இருக்கும் நிலையைப் பதிவு செய்வதுதான் கீ), பிறகு நடுவில் ஒன்று, தேவையானால் அதற்கும் நடுவில் ஒன்று. ஃபிரேமுக்கு ஒரு கீ போட்டால் ஓரம் கொதிக்கிற எண்ணெய் மாதிரி நடுங்கும், எந்த லீடும், அதாவது குழுத் தலைவரும், இரண்டே விநாடியில் கண்டுபிடித்துவிடுவார். கை வேகமாக வீசும்போது ஓரம் மங்கும் பாருங்கள், அந்த மங்கலின் வெளிவிளிம்பில் கோடு போடுவதா உள்விளிம்பிலா என்பதில்தான் நான் முதல் மூன்று மாதம் திட்டு வாங்கினேன். பதில், இரண்டுக்கும் நடுவில். மங்கலை சாஃப்ட்வேரின் மோஷன் பிளர் பார்த்துக்கொள்ளும்.

கேமுக்கு வருகிறவர்கள் முதல் கேமாக ஓப்பன் வேர்ல்டு போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பல்லாங்குழி செய்யுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 14 குழி. புரோகிராமில் பார்த்தால் 14 எண்கள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவே. ஒரு குழியில் இருப்பதை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும், கையில் தீர்ந்தால் அடுத்த குழியை அள்ள வேண்டும், அடுத்தது காலி என்றால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. நாலு சேர்ந்தால் பசு. விதி ஊருக்கு ஊர் மாறும், உங்கள் பாட்டி சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். விதிகளை எழுதி முடிக்க ஒரு வாரம் ஆகலாம். அதன்பிறகுதான் உண்மையான வேலை: சோழி விழும் சத்தம் எப்போது வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட்டால் ஆடுகிறவர் எண்ணிக்கையைத் தொடர முடியும், இது யாருடைய முறை என்பதை எழுத்தே இல்லாமல் எப்படிக் காட்டுவது, எதிரே ஆடும் கம்ப்யூட்டர் எவ்வளவு புத்திசாலியாக இருந்தால் எரிச்சல் வராது. இந்த ஒரு கேமை மெனு, சத்தம், செட்டிங்ஸ் எல்லாம் வைத்து முடித்து சின்ன கேம்களை யாரும் வெளியிடக்கூடிய இட்ச் தளத்தில் ஏற்றிவிட்டால், பாதியில் நிற்கும் பத்து பிரம்மாண்டங்களைவிட இன்டர்வியூவில் அதற்கு மதிப்பு.

சின்னதாகச் செய்வதில் கூச்சமே வேண்டாம். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைப் பற்றியது. இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். சாவகாசமாக ஆடினாலும் ஒரே மாலையில் முடிந்துவிடும், அதற்குத்தான் 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது கிடைத்தது.

குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கிற கேம் ஜாமில் கலந்துகொள்ளுங்கள். லுடும் டேர் 2002இலிருந்து நடக்கிறது, 48 மணி நேரத்தில் தனியாக ஒரு கேம். குளோபல் கேம் ஜாம் ஜனவரி வாக்கில் வரும், அதில் குழுவாகச் செய்யலாம். தூக்கமில்லாத இரண்டு நாளில் முன்பின் தெரியாத ஒரு புரோகிராமரோடு சண்டை போடாமல் வேலை பார்க்க வந்துவிட்டால் பாதி வேலை கற்றுக்கொண்ட மாதிரி. விற்க வேண்டும் என்று தோன்றும்போது, கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டாலர், ஸ்டீமில் கேமுக்கு 100 டாலர்.

கோர்ஸ் சேரலாமா

காலேஜ் வாழ்க்கையும் பட்டமும் வேண்டும் என்றால் முதலில் அரசு இடங்களைப் பாருங்கள். சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர் திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் (என்.ஐ.டி) ஐ.ஐ.டி பம்பாயின் வடிவமைப்புப் பள்ளியும் நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், அவற்றுக்குத் தயாராவதே தனிக் கதை. வெளிநாட்டு வேலை விசாவுக்குப் பட்டம் உதவும், அதனால் ஏதாவது ஒரு டிகிரியை, பி.காமாக இருந்தாலும், முடித்துவைப்பது நல்லது.

தனியார் இன்ஸ்டிட்யூட் என்றால் அட்மிஷன் கவுன்சலர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள், நீங்கள் கேள்வி கேளுங்கள். போன பேட்சில் முடித்தவர்களின் ரீலைக் காட்டுங்கள், சுவரில் ஒட்டியிருக்கும் ஹாலிவுட் போஸ்டர் எனக்கு வேண்டாம். இரண்டு வருடம் முன்னால் முடித்த மூன்று பேருடன் பேச முடியுமா? பாடம் எடுக்கிறவர் கடைசியாக எந்த புராஜெக்டில் வேலை பார்த்தார்? மாதத் தவணை என்கிறீர்களே, அது உங்களிடமா, ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனியின் கடனா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், கடன் என்றால் நீங்கள் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. நான் படித்த இடத்தில் வேலை உறுதி என்று சொல்லி கடைசியில் அனுப்பியது ஒரு கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் கடைக்கு. அவர்கள் கணக்கில் நான் பிளேஸ்மென்ட் ஆகிவிட்டேன்.

நான் உட்கார்ந்த எந்த இன்டர்வியூவிலும், எடுத்த எந்த இன்டர்வியூவிலும் சர்டிஃபிகேட்டை யாரும் புரட்டிப் பார்த்ததில்லை.

ஷோரீல்

பார்ப்பது இதைத்தான். ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. முதல் ஷாட் உங்களின் மிகச் சிறந்த ஷாட்டாக இருக்கட்டும், ‘சஸ்பென்ஸாகக் கடைசியில்’ என்று வைத்தால் அதுவரை யாரும் பார்க்கப் போவதில்லை. என் முதல் ரீல் நாலு நிமிஷம், பெயரே பன்னிரண்டு விநாடி நெருப்பில் எரிந்துகொண்டு வரும், பின்னால் ராஜா பாட்டு. பார்த்த சூப்பர்வைசர் முதல் வேலையாகச் சத்தத்தை அணைத்தார், இரண்டாவது வேலையாக நடுவில் எங்கோ தட்டினார், இருபது விநாடியில் முடிந்தது.

உங்கள் ரீலின் தரம் அதில் இருக்கும் மோசமான ஷாட்டின் தரம்தான், ஏனென்றால் ‘இதையும் நன்றாக இருக்கிறது என்று நினைத்து வைத்திருக்கிறானே’ என்று அங்கேதான் தெரிகிறது. சந்தேகம் வந்தால் வெட்டுங்கள். நாற்பது விநாடி மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு ஷாட்டிலும் நீங்கள் செய்தது எது என்று ஓரத்தில் எழுதுங்கள், ரிக் இணையத்தில் எடுத்தது என்றால் அதையும் எழுதுங்கள். மாடலர் என்றால் வயர்ஃபிரேமை, அதாவது மாடலின் கோட்டு வலையை, காட்டுங்கள், கம்பாசிட்டர் என்றால் ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துக் காட்டுங்கள், புரோகிராமர் என்றால் எழுதிய புரோகிராமை ஏற்றிவைத்த கிட்ஹப் பக்கமும் ஆடிப் பார்க்கிற மாதிரி ஒரு பில்டும். அடுத்தவன் ஷாட்டைச் சுடாதீர்கள். சென்னையில் வடபழனியிலிருந்து வளசரவாக்கம் வரைக்கும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், மூன்றாவது நாள் மாட்டிக்கொள்வீர்கள்.

விண்ணப்பம், டெஸ்ட், சம்பளம்

லிங்க்ட்இன்னில் எச்.ஆருக்கு அனுப்புவதோடு அந்த டிபார்ட்மென்ட் லீடுக்கும் மூன்று வரியில் எழுதுங்கள்: யார், எந்த வேலை, ரீல் லிங்க். அதிலேயே ‘என் ரீலில் ஒரு குறை சொல்ல முடியுமா’ என்று கேட்டால் பத்தில் இரண்டு பேர் பதில் போடுவார்கள். அவர்கள் சொன்னதைத் திருத்தி மறுபடி அனுப்பினால் அந்த முகம் நினைவில் நிற்கும். டிநெக் மாதிரி பெரிய ஸ்டுடியோவுக்கும் சென்னையில் கிளை உண்டு, தமிழ்ப் படங்களுக்கு மட்டும் வேலை செய்யும் பத்துப் பேர் ஆபீஸ்களும் உண்டு. சின்ன இடத்தில் ஒரே வருடத்தில் நாலு வேலை பழகலாம், சம்பளம் தேதிக்கு வராமல் போகலாம். பெரிய இடத்தில் சம்பளம் வரும், ஒரே வேலையை வருடக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கலாம்.

டெஸ்ட் வைப்பார்கள், ஒரு ஷாட் கொடுத்து சில மணி நேரம். முடிக்க முடியாவிட்டாலும் பாதியைச் சுத்தமாகச் செய்து வையுங்கள், முழுதையும் அவசரமாக மெழுகாதீர்கள். டெஸ்ட் என்ற பெயரில் பத்து ஷாட் கொடுத்து ஒரு வாரம் செய்யச் சொன்னால் அது ஓசி வேலை, நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் பாண்ட் இருக்கிறதா, எத்தனை வருடம், நடுவில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படியுங்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். நான் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க எட்டு மாதம் நடந்தேன். ஃபிரஷர் சம்பளத்தில் சென்னையில் தனி அறை எடுத்து வாழ்வது கஷ்டம் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சந்தை எப்படி இருக்கிறது

நேராகச் சொல்கிறேன். 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஸ்டிரைக் செய்தபோது அதன் அடி நம்மூர் ஸ்டுடியோக்களிலும் விழுந்தது. 2025 பிப்ரவரியில் வி.எஃப்.எக்ஸ் ஸ்டுடியோக்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் மூடப்பட்டபோது பெங்களூரில் பெருங்கூட்டம் ஒரே நாளில் தெருவுக்கு வந்தது. இது புதிதும் இல்லை: பாண்டிச்சேரியில் தொடங்குகிற ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ், 2013இல் அந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கியபோது ஏற்கனவே திவால் மனு போட்டிருந்தது. கேம் பக்கம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடைசெய்ததில் ரம்மி கம்பெனிகளின் வேலைகள் போயின. ‘கேமிங் கம்பெனி’ என்று விளம்பரம் பார்த்தால் என்ன கேம் என்று முதலில் கேளுங்கள். ஏ.ஐ வந்து முதலில் கைவைப்பது ரோட்டோவில். அதனால் ரோட்டோவில் நுழையலாம், குடியிருக்கக் கூடாது. ஒன்றரை வருடத்துக்குள் பெயின்ட், கம்பாசிட்டிங் என்று அடுத்த மேஜைக்கு நகர்ந்துகொண்டே இருங்கள், சாயங்காலத்தில் பைத்தான் படியுங்கள்.

வேலை கிடைத்துவிட்டதா

போனை லாக்கரில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், உங்கள் மெஷினில் இன்டர்நெட் இருக்காது, பயப்படாதீர்கள், படம் வெளியே கசியக் கூடாது என்பதற்காக. எந்த ஷாட்டைச் செய்கிறீர்கள் என்று மச்சானிடம்கூடச் சொல்லக் கூடாது. டெய்லிஸில் உங்கள் ஷாட்டைப் பெரிய திரையில் ஓட்டிப் பத்துப் பேர் முன்னால் குறை சொல்வார்கள், முகம் சுருங்காமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள், தலையை ஆட்டிவிட்டு வந்து இரண்டு நாள் தப்பாகச் செய்வதுதான் பெரிய குற்றம்.

ஃபைலுக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘நிஜ ஃபைனல்’ என்று பெயர் வைக்காதீர்கள், ஸ்டுடியோ சொல்லும் வெர்ஷன் எண்ணையே போடுங்கள். அப்புறம், எதையும் டெஸ்க்டாப்பில் சேவ் செய்யாதீர்கள். சர்வருக்கு மட்டும்தான் பேக்கப் உண்டு என்பது எனக்கு மூன்று நாள் வேலை போன பிறகுதான் தெரிந்தது.